குடியை நிறுத்துவது: வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா?

தமிழ்நாட்டை ஒட்டிய கேரள எல்லையில், வாளையார், கொழிஞ்சாம்பாறைப் பக்கத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், குடிப்பவரை ஓர் அறையில் படுக்கவைத்து மோரும் இளநீரும் கொடுத்துக் காவல் காப்பார்கள். செலவில்லை, ஊருக்கும் தெரியாது. குறைவாகக் குடித்தவருக்கு, டாக்டர் பார்த்துச் சரி என்றால், வீடே போதும்.

வருடக்கணக்காகத் தினமும் குடிப்பவர் விஷயம் வேறு. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளுக்குள் சிலருக்கு ஆள் தெரியாத பிதற்றல், இல்லாதது கண்ணில் தெரிவது, காய்ச்சல். இது உயிரையே எடுக்கும். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கத் தூக்கிப் போகும் அந்த நேரத்தில்தான் தயவுசெய்து ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அங்கே நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துப் பார்த்து, டயசிபாம் போன்ற அமைதிப்படுத்தும் மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடுவார்கள். அது மூளையைக் காக்கும். இதெல்லாம் வீட்டில் நடக்காது.

குடி போலன்றி, ஹெராயின் என்ற போதைப்பொருளை நிறுத்தினால் வேதனை கடுமை, உயிராபத்து குறைவு. ஆனால் விட்டபின் பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம்.

முன்பே வலிப்பு வந்தவர் என்றால் நான் யோசிக்கவே மாட்டேன், ஆஸ்பத்திரிதான். எல்லைக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் 14446 என்ற இலவச எண்ணில் சிகிச்சை மையத்தை விசாரிக்கலாம்.