வெங்கணாத்தியா, பந்து மலைப்பாம்பா? நீலகிரிக் குளிரில் எதை எப்படிக் காப்பது

நீலகிரியில் ஆட்கள் கையில் சிக்கும் மலைப்பாம்பு இரண்டில் ஒன்றாக இருக்கும். கூடலூர், மசினகுடி, கல்லாறு பக்கத்துக் காட்டிலிருந்து தோட்டத்துக்குள் இறங்கிவந்த நம் நாட்டு மலைப்பாம்பு, அதாவது வெங்கணாத்தி. அல்லது, யாரோ ஆசையாக வாங்கி வளர்த்து, வீட்டைக் காலி செய்யும்போது தொட்டியோடு விட்டுப்போன பந்து மலைப்பாம்பு. விற்பவர்கள் இதை பால் பைதான் என்பார்கள். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிகளைச் சேர்ந்தது.

இரண்டும் குட்டியாக இருக்கும்போது பழகாத கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஆனால் செய்ய வேண்டியது நேர் எதிர். வெங்கணாத்தியை வீட்டுக்குள் வைத்துச் சூடு காட்டி இரை கொடுத்தால் அது குற்றம், பாம்புக்கும் கேடு. பந்து மலைப்பாம்பை "காட்டுப் பாம்புதானே" என்று தொட்டபெட்டா பக்கம் விட்டால் அது குளிரில் செத்துப்போகும். அதனால் முதலில் இது எது என்று தீர்மானித்துவிட வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு எச்சரிக்கை. மலையின் கீழ்ச்சரிவுகளில் கண்ணாடி விரியனும் உண்டு. மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்து விரியனைக் கையில் தூக்கியவர்கள் கடிபட்டிருக்கிறார்கள். விரியனின் முதுகில் முட்டை வடிவ வட்டங்கள் சங்கிலி கோத்ததுபோல் மூன்று வரிசையாக, ஒழுங்காக ஓடும். செதில்களின் நடுவே மேடு இருப்பதால் உடல் சொரசொரவென்று மங்கலாகத் தெரியும். குக்கர் சத்தம்போல் நீளமாகச் சீறும். மலைப்பாம்பின் உடல் வழவழப்பு. திட்டுகள் பெரிது, ஒழுங்கில்லாதது. இதில் துளி சந்தேகம் இருந்தாலும் கையை நீட்டாதீர்கள். ஒரு பெரிய பக்கெட்டைக் கவிழ்த்து மேலே பாரம் வைக்க முடிந்தால் தள்ளி நின்று வையுங்கள். முடியாவிட்டால் கதவைச் சாத்திவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

தோலின் நிறத்தை நம்பாதீர்கள்

காட்டு நிறத்தில் இருக்கும் பந்து மலைப்பாம்பு கரும்பழுப்பு உடல், அதில் மண் நிறத் திட்டுகள், வெளுத்த வயிறு என்றிருக்கும். வெங்கணாத்தி வெளிர் மஞ்சள் கலந்த பழுப்பு, அதில் ஓரம் கறுத்த பெரிய திட்டுகள். படத்தில் பார்த்தால் எளிதுதான். ஆனால் செல்லப்பிராணிச் சந்தையில் பந்து மலைப்பாம்பை வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, பாதி வெள்ளை பாதி பழுப்பு என்று நூற்றுக்கணக்கான நிறங்களில் இனப்பெருக்கம் செய்து விற்கிறார்கள். மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு குட்டி கிடைத்தால் அது பந்து மலைப்பாம்பாகவும் இருக்கலாம், நிறமி இல்லாத பர்மிய மலைப்பாம்பாகவும் இருக்கலாம். முன்னது மூன்றிலிருந்து ஐந்து அடியோடு நின்றுவிடும். பின்னது பன்னிரண்டு அடியைத் தாண்டி வளரும்.

ஆகவே தலையைப் பாருங்கள். பந்து மலைப்பாம்பின் கழுத்து மெலிந்து, தலை தனியே துருத்திக்கொண்டிருக்கும். உடல் குட்டையாக, தடித்திருக்கும். மூக்கிலிருந்து கண்வழியாக ஒரு வெளிர்கோடு பின்னால் போகும். மேலுதட்டில் வரிசையாகக் குழிகள் நன்றாகத் தெரியும். இரையின் உடல் சூட்டை உணர்வதற்கானவை அவை. வெங்கணாத்தியின் தலை நீளமானது, இளஞ்சிவப்பு சாயல் கொண்டது. உச்சியில் ஈட்டிமுனை போன்ற அடையாளம் உண்டு, மூக்கை நெருங்கும்போது அது மங்கிப்போகும். பர்மிய வகையில் அதே அடையாளம் மூக்கு நுனிவரை அழுத்தமாக இருக்கும். நல்ல போட்டோ கிடைத்தால் இன்னொன்றும் பார்க்கலாம்: வெங்கணாத்திக்கு மேலுதட்டுச் செதில் கண்ணைத் தொடும். பர்மிய வகைக்குக் கண்ணுக்கும் உதட்டுக்கும் நடுவே சின்னச் செதில்கள் குறுக்கே நிற்கும். 2009க்கு முன் இவை இரண்டையும் ஒரே இனத்தின் இரண்டு கிளைகளாகத்தான் வைத்திருந்தார்கள். அதனால் பழைய கையேடுகளை வைத்துப் பிரிக்கப் போனால் குழப்பம்தான்.

பந்துபோல் சுருண்டதை மட்டும் வைத்து முடிவு கட்டவும் கூடாது. பயந்துபோன வெங்கணாத்திக் குட்டியும் தலையை உடலுக்குள் மறைத்துக்கொள்ளும்.

சட்டம் சொல்வது

வெங்கணாத்தி 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஒரு ராத்திரிகூட "வைத்துப் பார்க்கிறேன்" என்ற பேச்சுக்கு இடமில்லை. வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். காயம் இல்லாவிட்டால் பிடித்த இடத்துக்கு அருகிலேயே தகுந்த காட்டில் விடுவதுதான் நல்லது. கூடலூரில் பிடித்ததைக் கோத்தகிரிக் குளிருக்குக் கொண்டுபோவது உதவி ஆகாது.

பந்து மலைப்பாம்பு வெளிநாட்டு இனம் என்பதால் எந்த விதியும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் உள்ள இனங்களும் நான்காம் அட்டவணையாக உள்ளே வந்துவிட்டன, பந்து மலைப்பாம்பும் அவற்றில் ஒன்று. வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதி வந்தது. கைவிடப்பட்ட பாம்பைக் கண்டெடுத்தவருக்கு அந்தப் பதிவு இருக்காது. அதனால் இதற்கும் வனத்துறைதான் முதல் கதவு. நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது அவர்கள் வந்து எடுக்கும்வரை, அல்லது அவர்கள் முறைப்படி ஒப்படைத்தால் அதற்குப் பிறகு.

சூடு: இங்கேதான் உயிர் ஊசலாடுகிறது

பந்து மலைப்பாம்பின் பெட்டியில் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25 முதல் 27 டிகிரி இருக்க வேண்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி ராத்திரியில் உறைபனி கொட்டும். கொடைக்கானலும் அதைவிடப் பெரிதாக இளைத்ததில்லை. வீட்டுக்குள் 12 டிகிரி என்று வைத்துக்கொண்டாலும் இருபது டிகிரி இடைவெளியை நாம் நிரப்பியாக வேண்டும். சென்னைக்காரர்கள் சொல்லும் யோசனை எதுவும் இங்கே அப்படியே செல்லாது.

ஹீட் மேட், அதாவது கரண்டில் சூடாகும் விரிப்பு, சமவெளியில் பெரும்பாலோர் வாங்குவது. அடியில் விரித்தால் தரையைச் சூடாக்கும், காற்றைச் சூடாக்காது. அறை 27 டிகிரியில் இருந்தால் அது போதும். அறை 12 டிகிரி என்றால் பாம்பின் வயிறு சுடும், முதுகு குளிரும், அது இழுக்கும் மூச்சுக் காற்று ஐஸ்போல் இருக்கும். தெர்மோஸ்டாட் (குறித்த சூட்டை எட்டியதும் தானாக அணைக்கும் கருவி) இல்லாமல் போட்டால் வயிற்றுச் செதில் வெந்துபோகும். பாம்பு அங்கிருந்து நகர்ந்து தன்னைக் காத்துக்கொள்ளும் என்று நம்பிவிடாதீர்கள்.

சாதாரண குண்டு பல்பு காற்றைச் சூடாக்கும், மலிவு. ஆனால் ராத்திரி முழுக்க வெளிச்சம் இருந்தால் இரவில் நடமாடும் இந்தப் பாம்பு ஒடுங்கிப்போகும், இரை எடுக்காது.

செராமிக் ஹீட்டர் பல்புபோல் ஹோல்டரில் திருகுவது. வெளிச்சம் வராது, சூடு மட்டும் வரும். என் தேர்வு இதுதான், மறுபேச்சில்லை. 100 வாட் ஒன்றை நாள் முழுக்க ஓடவிட்டாலும் 2.4 யூனிட்தான். தெர்மோஸ்டாட் அணைத்து அணைத்துப் போடும்போது அதிலும் குறையும். இரண்டு நிபந்தனைகள்: ஹோல்டர் பீங்கானில் இருக்க வேண்டும், பிளாஸ்டிக் உருகிவிடும். ஹீட்டரைச் சுற்றிக் கம்பிக்கூண்டு வேண்டும், இல்லாவிட்டால் பாம்பு அதிலேயே சுற்றிக்கொண்டு வேகும்.

அறை முழுக்க ஆயில் ஹீட்டர் போடுவதும் ஒரு வழி. 2,000 வாட் ஹீட்டர் பத்து மணி நேரம் இடைவிடாமல் ஓடினால் 20 யூனிட். வசதி இருப்பவர்களுக்கு நல்லதுதான், ஆனால் கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டர் இதைத் தாங்காது. ஜூலையில் கூடலூர் பக்கமும், நவம்பரில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் மரம் சாய்ந்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. 100 வாட் ஹீட்டரை இன்வெர்ட்டர் ராத்திரி நேரத்துக்கு இழுத்துவிடும்.

கணப்பு, கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டிப் படுத்து மனிதர்களே உயிர்விட்ட ஊர் இது.

கரண்டும் இல்லை, இன்வெர்ட்டரும் இல்லை என்றால் பாம்பைத் துணிப்பையில் கட்டி, காற்றுக்கு ஓட்டை போட்ட தெர்மோகோல் பெட்டியில் வைத்து, துண்டில் நன்றாகச் சுற்றிய வெந்நீர் பையைப் பக்கத்தில் வையுங்கள். ஆறியதும் மாற்றுங்கள். வயிறு காலியாக இருக்கும் பாம்பு ஒரு குளிர் ராத்திரியைத் தாங்கிவிடும். வயிற்றில் எலி இருந்தால் அது செரிக்காமல் அழுகும், அல்லது வாந்தியாக வெளியே வரும். கரண்ட் நிச்சயமில்லாத வாரத்தில் இரை கொடுக்காதீர்கள்.

கண்ணாடித் தொட்டியா, மரப்பெட்டியா

மேலே வலை போட்ட மீன்தொட்டி பார்க்க அழகு. மலையில் அது சூட்டை நாலு பக்கமும் இழக்கும், ஈரத்தை மேலே விட்டுவிடும். முன்பக்கம் மட்டும் நகரும் கண்ணாடி வைத்த பிளைவுட் பெட்டி இரண்டையும் பிடித்து வைக்கும். முதல் சில வாரங்கள் தனிமைப்படுத்த மட்டும், ஓட்டை போட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பா போதும். அதன் அடியில் செய்தித்தாள் விரியுங்கள், எச்சமும் உண்ணியும் உடனே கண்ணில் படும்.

ஈரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வெளியே மூடுபனி, சுவரெல்லாம் கசிவு, இதற்கு மேல் எதற்கு ஈரம் என்று தோன்றும். ஆனால் 12 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 30 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் ஏறக்குறைய 30 சதவீதமாக இறங்கிவிடும். பாம்புக்கு 60க்கு மேல் தேவை. அதனால்தான் மலையில் வளரும் பந்து மலைப்பாம்புக்குச் சட்டை துண்டு துண்டாக உரிகிறது. தேங்காய் நார்த்தூளை லேசாக நனைத்துப் போடுங்கள். சூட்டுப்பக்கம் ஒன்று, குளிர்ப்பக்கம் ஒன்று என்று இரண்டு ஒளிவிடம் வையுங்கள். ஒன்றில் ஈரப்பாசி இருக்கட்டும். ஈரப்பதமானி ஒன்று கட்டாயம் வாங்குங்கள்.

உண்ணிக்கு யூகலிப்டஸ் தைலம் தடவச் சொல்வார்கள், பெட்டியை ஃபினாயிலால் துடைக்கச் சொல்வார்கள். இரண்டும் கூடாது. மூடிய பெட்டிக்குள் அந்த நெடி நுரையீரலைக் கெடுக்கும்.

இரை

"பாவம், பால் வைங்கண்ணா" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். பால் பாம்பின் உணவு இல்லை. பாம்பின் எடையில் பத்து சதவீத அளவுள்ள எலி, வளர்ந்ததற்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். வீட்டில் பொறிவைத்துப் பிடித்த எலியா, உறையவைத்து வாங்கிய எலியா என்றால் இரண்டாவதுதான். வீட்டு எலி எங்கேயாவது எலிமருந்தைத் தின்றிருக்கும். உயிருள்ள எலி பாம்பைக் கடித்துக் குதறும்.

வந்த முதல் வாரம் தண்ணீர் மட்டும் வையுங்கள். பிறகும் அது மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கலாம், இந்த இனத்தின் சுபாவம் அது. வாரம் ஒருமுறை எடை பாருங்கள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் போங்கள். வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ அன்றைக்கே போங்கள். அது நுரையீரல் தொற்று. குளிரில் வைத்த மலைப்பாம்புக்கு வழக்கமாக வருவது.

மலையிலேயே வைப்பதா, கீழே அனுப்புவதா

வனத்துறை சம்மதித்து, பதிவும் இடமும் உள்ள ஒருவர் கீழே இருந்தால், அனுப்பிவிடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரம்தான். அங்கே ஹீட் மேட்டும் தெர்மோஸ்டாட்டுமே ஆண்டின் பெரும்பகுதிக்குப் போதும். இந்தப் பாம்பு இருபது, முப்பது ஆண்டு வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் அறுபது வயது தாண்டிய ஒரு பந்து மலைப்பாம்பு 2020இல் முட்டையிட்டது. அத்தனை ஆண்டுகள், ஒவ்வொரு மழைக்காலமும் கரண்டை நம்பி அதன் உயிரை வைப்பது நியாயமில்லை. கொடைக்கானலில் இருப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்: வத்தலக்குண்டு பக்கம் இறக்கிவிடுங்கள்.

இறக்கும்போது துணிப்பை, தெர்மோகோல் பெட்டி, காரின் உள்ளே இருக்கைக்குக் கீழே. டிக்கியில் வேண்டாம். கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் இரை கூடாது. வளைவுகளில் வாந்தி எடுத்துவிடும். வாராவாரம் குறித்த எடை, கடைசியாக இரை எடுத்த தேதி, சட்டை உரித்த தேதி எல்லாம் எழுதிய தாளைப் பெட்டியின் மேல் ஒட்டி அனுப்புங்கள்.