புரூஸா, டக்ளஸா, மோரேயா: சரித்திர நாவலுக்கு யார் நாயகன்?

இங்கிலாந்துக்கு எதிரான ஸ்காட்லாந்தின் விடுதலைப் போரைச் சரித்திர நாவலாக்க நினைப்பவர் முன் மூன்று பிரபுக்கள் நிற்கிறார்கள். என் ஓட்டு ராபர்ட் புரூஸுக்கு. மற்ற இருவரும் லேசுப்பட்டவர்கள் அல்லர்.

சாகசம்தான் வேண்டுமென்றால் ஜேம்ஸ் டக்ளஸை யாரும் மிஞ்ச முடியாது. தந்தை லண்டன் கோபுரச் சிறையில் மாண்டார். பரம்பரை நிலம் ஆங்கிலேயப் பிரபுவிடம் போயிற்று. 1314 பிப்ரவரியில் ராக்ஸ்பரோ கோட்டையைப் பிடிக்க, அவருடைய ஆட்கள் கறுப்புப் போர்வைக்குள் புகுந்து இருட்டில் தவழ்ந்து போனார்கள். மேய்கிற மாடுகள் என்று காவலர்கள் சும்மா இருந்துவிட்டதாகக் கதை. ஆனால் டக்ளஸின் மனம் தடுமாறுவதே இல்லை. 1306-இல் புரூஸோடு சேர்ந்தவர், 1330-இல், இறந்துபோன புரூஸின் இதயத்தைப் பேழையில் சுமந்துபோய் ஸ்பெயினில் போரிட்டு மடியும்வரை அதே மனிதர்தான். ஐந்நூறு பக்கத்துக்கு அது போதாது.

ஆண்ட்ரூ மோரே செஸ்டர் சிறையிலிருந்து தப்பி வந்து, 1297-இல் வடக்கில் கொடி உயர்த்தியவர். ஸ்டர்லிங் பாலப் போரில், விடுதலைப் போரின் புகழ்பெற்ற தலைவர் வில்லியம் வாலஸுக்குச் சரிசமமாக நின்றார். அந்த வெற்றிக்குப் பின் லூபெக், ஹாம்பர்க் வணிகர்களுக்குப் போன கடிதத்தில் அவர் பெயர்தான் முதலில் இருக்கிறது. அப்படிப்பட்டவரை வாலஸின் எடுபிடியாக்குவது அநியாயம். ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் இறந்துவிட்டதாகவே கருதப்படுகிறது. அருமையான குறுநாவலுக்கு உரியவர்.

புரூஸிடம்தான் நாவலுக்கு வேண்டிய சிக்கல் இருக்கிறது. 1296-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டுக்கு விசுவாசப் பிரமாணம் செய்தார். மறு ஆண்டே கிளர்ந்தெழுந்தார். 1302-இல் மீண்டும் பணிந்தார். 1306 பிப்ரவரி 10 அன்று டம்ஃப்ரீஸ் தேவாலயத்தில் அரியணைக்குத் தன் போட்டியாளரான ஜான் காமினைக் கத்தியால் குத்தினார். ஆறே வாரத்தில் ஸ்கோனில் ஸ்காட்லாந்து மன்னராக முடிசூடினார். நாயகனைக் காப்பாற்ற, காமினைத் துரோகியாக்குவது எழுத்தாளர்களுக்கு வழக்கமாகிவிட்டது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. 1303-இல் ராஸ்லினில் ஆங்கிலேயரைத் தோற்கடித்த படைக்குத் தலைமை தாங்கியவர்களில் காமினும் ஒருவர். அப்போது புரூஸ் எட்வர்டின் பக்கம் இருந்தார்! பிறகு புரூஸின் முடிக்கு அவர் குடும்பமே விலை கொடுத்தது: தம்பிகள் மூவர் கொல்லப்பட்டார்கள், தங்கை மேரியை அதே ராக்ஸ்பரோ கோட்டையில் கூண்டில் அடைத்தார்கள்.

காமின் பக்கம் இருந்த நியாயத்தை மறைக்காமல் சொல்லி, அதற்குப் பிறகும், 1314-இல் புரூஸ் ஆங்கிலேயரை வென்ற பானக்பர்ன் களத்தில் நம்மைப் புரூஸின் பக்கம் நிற்கவைக்கிற நாவலைத்தான் நான் வாங்கிப் படிப்பேன்.