ஃபேன்டஸி நாவலுக்கு கவர் வரைய ஆள் தேடுறீங்களா, அட்வான்ஸ் போடுறதுக்கு முன்னாடி இத படிங்க

இன்ஸ்டால பார்த்து பேசின ஒரு கவர் ஆர்ட்டிஸ்ட் கிட்ட 9,000 ரூபா போச்சு. பேர் இங்க போடல, ஆனா புத்தகக் கண்காட்சிக்கு நாவல் ரெடி பண்ற நிறைய பேர் இப்ப ஆள் தேடிட்டு இருப்பீங்கன்னு தெரியும், அதான் எழுதுறேன்.

என் கதைல கடல்ல முங்கின ஒரு துறைமுகம், அங்க தூண்ல இருந்து இறங்கி வர்ற யாளி, அதோட பிடரில கைய வச்சு நிக்கிற முத்துக்குளிக்கிற பொண்ணு. மீனாட்சி அம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்து யாளி போட்டோ எல்லாம் அனுப்பினேன். மொத்தம் 18,000, பாதி ஜிபேல முன்பணம்.

வழக்கமா எப்படின்னா, முதல்ல ஸ்டாம்ப் சைஸ்ல மூணு நாலு குட்டி ஸ்கெட்ச் காட்டுவாங்க, ஒண்ண ஓகே பண்ணதும் பென்சில் டிராயிங், அப்புறம் கருப்பு வெள்ளைல வெளிச்சம் எங்கேர்ந்து விழுதுன்னு ஒரு ரஃப், சின்னதா கலர் ரஃப், அதுக்கப்புறம்தான் பெயின்டிங். பென்சில்ல ஒரு கைய நகர்த்துறது ஈசி, பெயின்ட் பண்ணி முடிச்சிட்டு நகர்த்தினா பாதி வேலைய திரும்ப பண்ணணும், அதனாலதான் இத்தன படி. இந்தாளு நேரா பென்சில் ஸ்கெட்ச்சுன்னு ஒண்ணு அனுப்பினாரு, பார்க்க அவ்ளோ சூப்பர். மறுநாளே பெயின்டிங்கும் வந்துருச்சு!

யாளிக்கு தும்பிக்கைய காணோம், பதிலா ரெக்க மொளச்சிருக்கு, ஏதோ வெள்ளக்கார டிராகன் மாதிரி. பொண்ணோட கொலுசு கால் சதையோட ஒட்டி உருகி கிடக்கு. பின்னாடி கோபுரத்துல பொம்மைங்க எல்லாம் வெறும் கொழகொழன்னு மேடு. சரி முகத்த மட்டும் கொஞ்சம் இடதுபக்கம் திருப்புங்கன்னு கேட்டா, திரும்பி வந்த படத்துல பொண்ணே வேற, புடவ வேற, கடலே வேற. எந்த ஊர்ல ஆர்ட்டிஸ்ட் கழுத்த திருப்ப சொன்னா கடல மாத்துவான்?

அப்பதான் அந்த ஸ்கெட்ச்ச எடுத்து மொத பெயின்டிங் மேல வச்சு பார்த்தேன். தலமுடி ஒவ்வொண்ணும் அச்சு அசலா அதே எடத்துல. கைல வரைஞ்சா போட்டு அழிச்ச கோடு, மாத்தி போட்ட விரல் எதாவது இருக்கும்ல, ஒண்ணுமே இல்ல. ஏஐல படத்த எடுத்துட்டு, அதுக்கு பென்சில் ஃபில்டர் போட்டு "ஸ்கெட்ச்"னு மொதல்ல அனுப்பியிருக்காரு. லேயரோட பிஎஸ்டி, அதாவது கோடு, கலர் எல்லாம் தனித்தனி அடுக்கா இருக்கிற ஃபோட்டோஷாப் ஃபைல் கேட்டேன், ரெண்டே லேயர், ஒண்ணு படம், இன்னொண்ணு தலைப்பு. வரையுறத வேகமா ஓட்டி காட்டுற டைம்லாப்ஸ் வீடியோ கேட்டா லேப்டாப் கிராஷாம்.

இதுல தலைவலி என்னன்னா, அமேசான்ல நாமளே புக் போடுற கேடிபில இபுக் ஏத்தும்போது அட்டைப்படம் ஏஐல எடுத்ததான்னு கேப்பாங்க, 2023 செப்டம்பர்லேர்ந்து இருக்கு. கைல வரைஞ்சதுன்னு நம்பி இல்லன்னு டிக் பண்ணியிருந்தா மாட்டுறது நாமதான். பிரிண்ட்டுக்கும் ஆகாது, டெம்மி சைஸ் 5.5க்கு 8.5 இன்ச், 300 டிபிஐ, அதாவது இன்ச்சுக்கு 300 புள்ளின்னா முன்னட்டைக்கே 1650க்கு 2550 பிக்சல் வேணும், இவர் குடுத்தது சின்ன படத்த இழுத்து பெருசாக்கினது, ஜூம் பண்ணா மெழுகு மாதிரி இருக்கு.

பணத்த திருப்பி கேட்டதுக்கு "உங்க டேஸ்ட்டுக்கு நான் பொறுப்பில்ல ப்ரோ"ன்னு ஒரு மெசேஜ், அடுத்து பிளாக். இப்ப வேற ஒருத்தங்க வரையுறாங்க, குட்டி ஸ்கெட்ச் ஓகே ஆனதும் கால்வாசி, கலர் ரஃப்புக்கு கால்வாசி, மீதி லேயர் ஃபைல் கைக்கு வந்ததும்னு எழுதி வாங்கிட்டோம், காப்பிரைட் யாருக்குங்கிறதும் அதுலயே இருக்கு. அந்த பழைய ஆளோட ஐடி வேணும்னா இன்பாக்ஸ் வாங்க, ஸ்க்ரீன்ஷாட்டோட தரேன்.