அத்தையை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம்: மூன்றரை வருட ஹோம் நர்ஸ் அனுபவம்

கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில் எங்கள் தோட்டம். ரேஷன் கார்டு கேரளா, பெரிய ஆஸ்பத்திரி என்றால் கோயம்புத்தூர், வீட்டில் பேச்சு தமிழ். 2022 தை மாதம் என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அப்போது வயது 74. இருபது வருடச் சர்க்கரை வேறு. அன்றிலிருந்து ஆறு பேர் வீட்டோடு தங்கி அத்தையைப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு ஏஜென்சி மாறினோம், பிறகு நேரடியாகவே ஆள் வைத்துக்கொண்டோம்.

விஷயம் தெரிந்து போன் செய்கிறவர்கள் எல்லோரும் கேட்பது, "எந்த ஏஜென்சி நல்லா இருக்குமுங்க?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆள் மாறும்போது, போகிறவருக்குத் தெரிந்ததெல்லாம் வருகிறவருக்குப் போய்ச் சேருகிறதா என்று பாருங்கள் என்பேன். எங்களுக்கு நடந்த கெடுதல் மூன்று. மூன்றும் அந்த இடைவெளியில் நடந்தவை.

முதலில் ஒரு பேர்க்குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கம் வீட்டுக்கு வந்து பார்ப்பவர் யாரானாலும் 'ஹோம் நர்ஸ்'தான். நர்ஸ் என்றால் மூன்று வருடம் ஜி.என்.எம். டிப்ளமோ அல்லது நான்கு வருடம் பி.எஸ்சி. படித்து, மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு வாங்கியவர். எங்கள் வீட்டுக்கு வந்த ஆறு பேரில் ஒருவர்கூட அப்படி இல்லை. குளிப்பாட்ட, ஊட்ட, துணி மாற்ற, திருப்பிப் படுக்கவைக்க நல்ல பழக்கம் உள்ளவர் போதும், அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஊசி போடுவதும் மூக்கு டியூப் மாற்றுவதும் புண் கட்டுவதும் வேறு வேலை. முதல் ஏஜென்சியில் "எங்க பிள்ளைங்க எல்லாமே செய்வாங்க" என்றார்கள். நாங்களும் பதிவுச் சான்று கேட்கவில்லை. மாதம் 22,000 ரூபாயும் முன்பணமும் கட்டினோம்.

முதல் நாற்பது நாளில் மூன்று பேரை மாற்றி அனுப்பினார்கள். ஒருத்தி காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள், அடுத்தவள் மத்தியானம் வந்து இறங்குவாள். நடுவில் இருவரும் பார்த்துக்கொள்வதே இல்லை. மேற்பார்வைக்கு என்று ஏஜென்சியிலிருந்து ஒருவரும் வந்ததில்லை. படுக்கைப்புண் வராமல் இருக்க ஏர் பெட் வாங்கிப் போட்டிருந்தோம். அது இருக்கிறதே என்று மூவருமே அத்தையை மல்லாக்கவே விட்டிருக்கிறார்கள். நாற்பதாவது நாள் துடைக்கும்போது நான் பார்த்தேன்: முதுகுத்தண்டின் அடியில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் உரிந்து ஈரமாக இருந்தது.

பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் சிஸ்டரை, அதாவது படுக்கையில் கிடப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸை, அப்போதுதான் தேடிப் போனேன். புற்றுநோய்க்காரர்களுக்கு மட்டும் வருவார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். 1993-இல் கோழிக்கோடு மெடிக்கல் காலேஜில் சின்னதாக ஆரம்பித்த வேலை அது. 2008-இல் கேரள அரசு அதற்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. இன்று பஞ்சாயத்து மூலமாக, படுக்கையில் இருப்பவர் யாரானாலும் வீட்டுக்கே வருகிறார்கள், காசு கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் என் அண்ணன் இதைக் கேட்டு ஆச்சரியப்பட்டார். இந்தப் பக்கம் இருக்கிற நம் ஆட்களிலேயே பல பேருக்குத் தெரியாது, அதனால்தான் விளக்கமாக எழுதுகிறேன். ஊரில் சுகாதார வேலை பார்க்கும் ஆஷா ஒர்க்கரிடம் சொன்னால் போதும், பேர் எழுதிக்கொள்வார்.

சிஸ்டர் மலையாளி, ஆனால் கொழிஞ்சாம்பாறையில் வேலை பார்த்துத் தமிழ் நன்றாகப் பேசுவார். அத்தையை வலது பக்கம் ஒருக்களிக்க வைத்து, புண்ணைப் பார்த்துவிட்டு, பிறகு இடுப்பெலும்பைப் பார்த்தார். எனக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. என் கையைப் பிடித்து வைத்தார். "சூடா இருக்கில்ல சேச்சி? சுத்தி இருக்கறத விட கொஞ்சம் கெட்டியா?" ஆமாம், இருந்தது. வெளுத்த தோலில் சிவப்பாகத் தெரியும், விரலால் அமுக்கி எடுத்தால் வெளுத்துப்போய்த் திரும்பச் சிவந்தால் பயமில்லை, சிவப்பு அப்படியே நின்றால் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நம் நிறத்துக்குச் சிவப்பு தெரியாது, அதனால் கையால்தான் பார்க்க வேண்டும் என்றார். அந்த இடத்தைத் தேய்க்கவோ எண்ணெய் போட்டு அழுத்தவோ கூடாது, உள்ளே இருக்கும் சதை இன்னும் நைந்துபோகும். ஏர் பெட் இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பியே ஆக வேண்டும். அந்தப் புண் ஆற மூன்று மாதம் ஆனது.

இரண்டாவது சங்கதி எல்லைப் பக்கம் இருப்பவர்களுக்கு முக்கியம். இரண்டாவது ஏஜென்சி அனுப்பிய பெண் கோட்டயம் பக்கத்துக்காரி. பொறுமைசாலி, சுத்தம் பார்ப்பவள். தமிழ் மட்டும் துளியும் தெரியாது. அவள் வந்த முதல் வாரம், ஒருநாள் காலையில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தாள். அத்தை "வலிக்குது, வலிக்குது" என்று கத்துவது அடுப்படி வரை கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், விழுந்துபோன இடது கையை அவள் இன்னும் பலமாக இழுத்துக்கொண்டிருக்கிறாள். மலையாளத்தில் வலிக்குக என்றால் இழுப்பது. 'இழு, இழு' என்று அத்தை சொல்வதாக அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். பக்கவாதம் வந்த கையில் தோள்மூட்டைப் பிடித்து நிறுத்தும் தசைக்குப் பலம் இருக்காது, இழுத்தால் மூட்டு இறங்கிவிடும். அத்தைக்கு அப்படித்தான் ஆனது. விஷயம் புரிந்ததும் அந்தப் பெண் அழுத அழுகை இன்னும் கண்ணில் நிற்கிறது. அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. பக்கவாதக் கையைப் பிடித்து இழுக்காதே என்று சொல்லிக்கொடுக்காமல், மொழி தெரியுமா என்றும் கேட்காமல் அனுப்பியவர்கள்மேல்தான் கோபம். அதற்கப்புறம் அத்தைக்கு நாங்கள் ஒரு சொல்லைப் பழக்கினோம்: "நோவுது." நம் பக்கத்துப் பழைய சொல்தான். மலையாளத்திலும் அதற்கு அதே அர்த்தம்.

மூன்றாவது, உயிர்போகப் பார்த்தது. 2023 ஓணத்துக்கு அந்தப் பெண் ஊருக்குப் போனாள். அதே சமயம் அத்தை ஐந்து நாள் கோயம்புத்தூரில் அட்மிட் ஆகி வந்தார். ராத்திரி இன்சுலினை அங்கே மாற்றி எழுதியிருந்தார்கள், அளவு 16 யூனிட். வீடு திரும்பிய அன்று சாயங்காலம் புது ஆள் வந்து சேர்ந்தாள். "பதினாறு போடும்மா" என்று சொல்லிக் குப்பியைக் கொடுத்தேன். வீட்டில் இருந்தது சிவப்பு மூடி ஊசி. அது மில்லிக்கு 40 யூனிட் உள்ள பழைய குப்பிக்கானது. புதுக் குப்பியில் மில்லிக்கு 100 யூனிட், அதற்கு ஆரஞ்சு மூடி ஊசிதான் போட வேண்டும். சிவப்பு மூடி ஊசியில் 16 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 40 யூனிட். மருந்துக்கடையில் சொல்லவில்லை, டிஸ்சார்ஜ் செய்தவர்கள் சொல்லவில்லை, எனக்கும் படிக்கத் தோன்றவில்லை.

ராத்திரி மூன்று மணிக்குத் திருப்ப எழுந்த என் வீட்டுக்காரர், நைட்டி தொப்பலாக நனைந்திருக்கிறது என்று கூப்பிட்டார். அத்தை கண்ணைத் திறந்தார், பேச்சு குழறியது. குளுக்கோமீட்டரில் 46. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. உட்காரவைத்து, ஒரு சொட்டுத் தண்ணீரை முழுங்குகிறாரா என்று பார்த்துவிட்டு, மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். பதினைந்து நிமிடத்தில் 71 ஆனது. அது நாள் முழுக்க வேலை செய்கிற இன்சுலின், ஏறிய சர்க்கரை மறுபடி இறங்கும். அதனால் 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்து அடுத்த நாள் ராத்திரி வரை வைத்திருந்தோம்.

அதற்குப் பிறகுதான் நோட்டு. இருநூறு பக்க லாங் சைஸ் நோட்டு, கட்டில் காலில் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது. மணி, எந்தப் பக்கம் படுக்க வைத்தோம், தோல் எப்படி, என்ன சாப்பிட்டார், சிறுநீர், வெளிக்கி, சுகர், மருந்து, கையெழுத்து என்று கட்டம் போட்டிருக்கிறோம். முதல் பக்கத்தில் மாறாத விஷயங்கள்: இடது கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது. சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் தலைமாட்டை இறக்கக் கூடாது. ஊசி நானோ என் வீட்டுக்காரரோ மட்டும்தான் போடுவோம். அதற்குக் கீழே ஆரஞ்சு மூடி ஒன்றைச் செலோ டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், அதனால் முதல் பக்கம் இரண்டு மொழியிலும் இருக்கிறது. சிஸ்டர் வரும்போது எங்களிடம் கேட்பதற்கு முன்னால் நோட்டைத்தான் எடுக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்ப வேண்டும் என்றால், 24 மணி நேரத்துக்கு ஒரே ஆளை வைத்துக்கொண்டு அது முடியாது. தூங்காதவள் கை நடுங்கும், கோடு தப்பும். இப்போது இருக்கும் அக்கா பக்கத்து ஊர்க்காரர், இரண்டு வருடமாக இருக்கிறார். ராத்திரி பத்துக்கும் பன்னிரண்டுக்கும் அவர், இரண்டு மணிக்கு என் வீட்டுக்காரர், நாலு மணிக்கு நான். பகலில் சாப்பிட்ட பிறகு அவருக்கு இரண்டு மணி நேரம் தூக்கம், அப்போது யாரும் கூப்பிடக் கூடாது. மாதம் 18,000, சாப்பாடு, நாலு நாள் லீவு. ஏஜென்சிக்குக் கொடுத்ததைவிடக் குறைவுதான், ஆனால் இது முழுசாக அவர் கைக்கே போகிறது. லீவு நாளில் எங்கள் இருவரில் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்பது சிரமம்தான். அந்தச் சிரமம் இல்லாத வழி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

போன மாதம் மகள் பிரசவத்துக்கு அக்கா பத்து நாள் போனார். மாற்று ஆளை முந்தின நாளே வரவைத்தோம். சாயங்காலம் கட்டில் பக்கத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். அக்கா முதல் பக்கத்தைச் சத்தமாக வாசித்தார், ஆரஞ்சு மூடியைத் தொட்டுக் காட்டினார். பிறகு இருவரும் சேர்ந்து ஒருமுறை அத்தையைத் திருப்பினார்கள். இடுப்பெலும்பில் கை வைத்துப் பார்க்கச் சொன்னார். மறுநாள் காலை சட்டை மாற்றும்போது நான் வாசலிலேயே நின்றேன். அத்தை "நோவுது" என்றார். புதுப்பெண் கையை உடனே விட்டுவிட்டு, சட்டையை இடது கையிலிருந்து ஆரம்பித்துப் போட்டாள்.