தூங்கி எழும் கணினிக்கு க்ரோனி: ஆறு மாத அனுபவம்

என்னுடையது பழைய அத்லான் 64 எக்ஸ்2 டெஸ்க்டாப். டெபியன் லினக்ஸ் போட்டு அதில்தான் பக்க வடிவமைப்பு வேலை. ராத்திரி அணைக்க மனம் வராது, இருபது கோப்பு திறந்து கிடக்கும். ஸ்லீப்பில் போட்டுவிடுவேன். காலையில் எழுப்பினால் மணி 40 நொடி பின்தங்கியிருக்கும்.

நாற்பது நொடிதானே என்று விட்டுவிட்டேன். ஆனால் கடவுச்சொல் காப்பகம் தரும் ஆறு இலக்க எண் 30 நொடிக்கு ஒருமுறை மாறுகிறது. கணினியின் மணியைப் பார்த்துத்தான் அது பிறக்கிறது. அச்சகத்தின் தளத்துக்குள் காலையில் நுழையப் போனால் ‘எண் தவறு’.

முதலில் வாட்ச் கடையில் சிஆர்2032 பட்டன் பேட்டரி வாங்கிப் போட்டேன். “இனிமே கரெக்டா ஓடும் சார்” என்றார் கடைக்காரர். ஓடவில்லை. அவர்மேல் தப்பில்லை. பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்துக்கு ஸ்டாண்ட்பை மின்சாரமே போதும், பேட்டரிக்கு அங்கே வேலையில்லை. என் போர்டின் கடிகாரமே சோம்பேறி. விழித்திருக்கும்போது லினக்ஸின் மையமான கெர்னல் தானே நேரத்தை எண்ணிக்கொள்ளும். தூக்கத்தில் அந்த எண்ணிக்கை நின்றுபோகும். எழுந்ததும் போர்டு கடிகாரத்தைக் கேட்டு, அது சொன்னதை அப்படியே நம்பிவிடும்.

(இந்த அத்லான் ரகப் பிராசசரில் வேகம் குறைந்தால், அதற்குள் துடிப்புகளை எண்ணும் டிஎஸ்சி கவுண்டரும் கூடவே மெதுவாகும். லினக்ஸ் அதைக் கண்டுபிடித்து வேறு டைமருக்கு மாறிக்கொள்வதால் பகலில் தொல்லையில்லை.)

அப்புறம்தான் க்ரோனி. இணையத்தில் இருக்கும் நேர சர்வரைக் கேட்டுக் கணினி மணியைத் திருத்தும், ரிச்சர்ட் கர்னோ தொடங்கிய இலவச மென்பொருள். ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8-இல் அதே வேலை செய்த பழைய என்டிபிடியைத் தூக்கிவிட்டு இதைத்தான் வைத்தார்கள். நிறுவ இரண்டு நிமிடம். மறுநாள் காலையில் பார்த்தால் பழைய கதைதான்! டெபியன் தரும் அமைப்பில் ‘மேக்ஸ்டெப் 1 3’ என்று ஒரு வரி. ஒரு நொடிக்கு மேல் பிழை இருந்தால் ஒரே தாவாகத் தாவித் திருத்தலாம், ஆனால் க்ரோனி கிளம்பியபின் முதல் மூன்று திருத்தத்துக்குள் மட்டும். நான் மெஷினை அணைப்பதே இல்லை. அந்த மூன்றும் என்றைக்கோ தீர்ந்துபோயிருக்கும். அதனால் மணியைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு இழுத்துப் பிடிக்கிறது. பன்னிரண்டு நொடிக்கு ஒரு நொடிதான் அதன் உச்ச வேகம். நாற்பது நொடிக்குக் குறைந்தது 8 நிமிடம். அதற்கும் முன்னால் சர்வரைக் கேட்க வேண்டுமே, அந்த இடைவெளி 1024 நொடிவரை போகும்.

அந்த 3-ஐ -1 ஆக்கினேன். எப்போது வேண்டுமானாலும் தாவலாம் என்று அர்த்தம். சர்வர் வரியில் ‘மேக்ஸ்போல் 6’ சேர்த்தேன், 64 நொடிக்குள் கேட்டுவிடும். இப்போது காபி போட்டுக்கொண்டு வருவதற்குள் மணி சரியாகிவிடுகிறது. டேட்டாபேஸ் ஓடும் மெஷினில் மட்டும் இப்படிக் கண்டபடி தாவ விடாதீர்கள்.

ஐந்துக்கு நான்கு. ஒரு மதிப்பெண் போனது அந்த 3-க்காக.

உங்கள் மணி சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டினால் க்ரோனியைத் தேடாதீர்கள். அநேகமாக அதே மெஷினில் விண்டோஸும் இருக்கும். அது போர்டு கடிகாரத்தை உள்ளூர் நேரமாகப் படிக்கிறது, லினக்ஸ் யுடிசி என்ற உலகப் பொது நேரமாகப் படிக்கிறது.