பேத்தைப் பல்லுக்கு எந்த றப்பர் மீன் தாங்கும்? யாழ்ப்பாணப் பரவைக்கடலில் சில வருட அனுபவம்

யாழ்ப்பாணக் கடலேரியில் தூண்டிலில் றப்பர் மீன் (லூர் என்கிற போலி இரையில் மென்மையான வகை) எறிகிறவருக்குப் பெரிய செலவு வைப்பது கொடுவாவும் இல்லை, சீலாவும் இல்லை. பேத்தைதான். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று அதற்கு நான்கே பற்கள். நண்டு ஓட்டையும் சிப்பியையும் உடைத்துத் தின்கிற வாய் அது. றப்பர் மீனின் மெல்லிய வால் அதற்குள் போனால் பாக்குவெட்டிக்குள் போன பாக்குத்தான். தூண்டிலில் ஒரு சின்னத் தட்டல் தெரியும், இழுத்துப் பார்த்தால் வால் இருக்காது. வெளிநாட்டு வீடியோக்களில் ஒரே லூரைக் கட்டி நாள் முழுக்கப் பிடிக்கிறார்கள். அதை நம்பி வாங்குகிறவர் பண்ணைப் பாலத்தடியில் ஒரு பின்னேரத்தில் பக்கற்றையே காலி செய்துவிடுவார். "தம்பி, பேத்தைக்குத் தீன் போடவோ வந்தனீர்?" என்று குருநகர் ஐயா ஒருவர் என்னைக் கேட்டிருக்கிறார்.

நான் எறிகிற இடங்கள் பண்ணை வீதியின் மதகுகள், பொன்னாலைப் பாலம், மழைக்காலத்தில் தொண்டைமானாற்று முகத்துவாரம், எப்போதாவது வேலணைப் பக்கக் கரை. 3 அங்குலத்திலிருந்து 4 அங்குலம் வரையான றப்பர் மீன், 3.5 முதல் 10 கிராம் வரை ஈயத்தலை (தூண்டிலோடு சேர்த்து வார்த்த ஈயக் குண்டு), மெல்லிய பிறெய்ட் (பின்னிய) நூல், முன்னால் கொஞ்சம் தடித்த தங்கூசி. பாரைக் குட்டி, கொடுவா, கலவாய், சீலா என்று கலந்துதான் கிடைக்கும். கடைக்கு ஏற்ற அளவு மீனைப் பற்றி நான் பேசவில்லை. பொழுதுபோக்குக்கும் வீட்டுக் கறிக்கும்தான்.

சந்தையில் இருக்கிற றப்பர் மீன்களில் பெரும்பாலானவை பிவிசியால் ஆனவை. பிவிசித் தூளை மென்மையாக்கும் எண்ணெயோடு கலந்து, சூடாக்கி அச்சில் வார்க்கிறார்கள். எண்ணெய் கூடினால் மென்மை கூடும், வாலும் மெதுவான இழுவையிலேயே நன்றாக ஆடும். ஆனால் இலகுவில் கிழியும். சில வகைகளில் உப்பும் சேர்ப்பார்கள். உப்புச் சேர்ந்த றப்பர் பாரமாக இருக்கும், சோளகக் காற்றை எதிர்த்தும் ஓரளவு தூரம் போகும், மீனும் வாயில் கொஞ்ச நேரம் வைத்திருக்கும் என்பார்கள். அந்த உப்பேதான் அதன் பலவீனமும். இழுத்துப் பார்த்தால் மாவு மாதிரிப் பிட்டுக்கொண்டு வரும். கடையில் வாங்கும்போது வாலை மெதுவாக இழுத்துப் பார்க்க விட்டால் பாருங்கள், அந்த ஒரு இழுவையிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அடுத்தது எலாஸ்டெக். அமெரிக்காவின் இசட்-மேன் நிறுவனம் தன் லூர்களுக்குப் பயன்படுத்தும் பொருளின் பெயர் அது. பிவிசி அல்ல, றப்பர்போல நீளும் வேறொரு பிளாஸ்டிக் வகை. சாதாரண பிவிசியைவிடப் பத்து மடங்கு உறுதி என்று பக்கற்றில் விளம்பரம் செய்கிறார்கள். பத்து மடங்கா என்று அளந்து பார்க்க என்னிடம் வழி இல்லை. ஆனால் பண்ணையில் பிவிசி வால் ஒரு பின்னேரம் தாங்காத இடத்தில் இவர்களுடைய மினோ என்ற 3 அங்குல லூர் பல வாரங்கள் உழைத்திருக்கிறது. பேத்தை கடித்தால் இதிலும் துண்டு போகும். அப்படியே அறுந்து போவதைவிட, பல் பட்ட இடம் பொங்கி நார் நாராக நிற்பதுதான் அதிகம். அந்த அலங்கோலத்தோடும் பாரை கொத்துகிறது. அழகு பார்க்கிறவர் நாங்கள்தான், மீன் இல்லை.

இன்னொரு குணமும் இதற்கு உண்டு, அதைத்தான் நான் உறுதியைவிடப் பெரிதாக நினைக்கிறேன். இது மிதக்கும். எங்கள் பரவைக்கடல் ஆழம் குறைந்தது, அடியெல்லாம் சாதாழை. சிறிய ஈயத்தலையில் கோர்த்த எலாஸ்டெக் மெதுவாக இறங்கும், அடியில் தலை பட்டு நின்றாலும் வால் மேலே நிமிர்ந்து நிற்கும், புல்லுக்குள் புதையாது. வேலணைப் பக்கம் இடுப்பளவுத் தண்ணீரில் இது பெரிய வசதி. அதே குணம் பொன்னாலையில் தொல்லை. பாலத்தடியில் நீர் இழுக்கும்போது லூர் கீழே போகவேண்டும், இதுவோ மேலேயே அலையும். ஈயத்தைக் கூட்டினால் ஆட்டம் செத்துப்போகும். அங்கே உப்புச் சேர்ந்த பிவிசிக்குத்தான் எனக்குக் கொடுவா கூடுதலாகக் கொத்தியிருக்கிறது. கொடுவாவின் வாய்க்குள் அறுக்கிற பல் இல்லை, அரம் போன்ற சொரசொரப்புத்தான், வாயைத் திறந்து இரையை உறிஞ்சி எடுக்கும். ஆகவே அங்கே கிழிகிற றப்பரைப் போட்டாலும் நட்டம் குறைவு. எவடத்தில் எது கடிக்கும் என்று தெரியாமல் உறுதியானதை மட்டும் தேடி வாங்குவது காசைக் கரைக்கிற வேலை.

சீலா வேறு கதை. அதன் பல்லுக்கு முன்னால் எலாஸ்டெக்கும் பிவிசியும் ஒன்றுதான். சீலா ஓடுகிற நாளில் மலிந்த லூரைக் கட்டுங்கள், அல்லது இரும்பு லூருக்கு மாறுங்கள்.

பெர்க்லி நிறுவனத்தின் கல்ப் என்ற லூர் வகையையும் கொஞ்சக் காலம் பாவித்தேன். இது பிவிசி இல்லை, மணமுள்ள திரவத்தில் ஊறி வருவது. மணம் உண்மையிலேயே மீனை இழுக்கிறது. பேத்தையையும் கெளிற்றையும் சேர்த்துத்தான் இழுக்கிறது. அதைவிட, தூண்டிலில் கோர்த்தபடி வெயிலில் விட்டால் காய்ந்து கல்லாகிவிடும், பிறகு கத்தியால்தான் சீவ வேண்டும். எங்கள் வெயிலுக்கு இது சரிவராது. வாடைக் காலத்தில் கலங்கிய தண்ணீருக்கு மட்டும் ஒரு சின்னப் போத்தல் வைத்திருக்கிறேன்.

உறுதி என்று எல்லோரும் பேசுவது வாலைப் பற்றித்தான். என் அனுபவத்தில் பாதி லூர்கள் மூக்கில்தான் சாகின்றன. ஈயத்தலையின் கழுத்தில் இருக்கும் முள் பெரிதாக இருந்தால் பிவிசியின் மூக்கு முதல் கோர்வையிலேயே வெடிக்கும், பிறகு ஒவ்வொரு எறிதலிலும் றப்பர் கீழே சரியும். பிவிசிக்குச் சிறிய முள்ளும் மூக்கில் ஒரு துளி சுப்பர் குளூவும் போதும், ஆயுள் தெளிவாகவே கூடும். எலாஸ்டெக்கில் சாதாரண பசை எனக்கு ஒழுங்காகப் பிடிக்கவில்லை. அதற்குப் பெரிய முள் அல்லது சுருள் கம்பி பிடி உள்ள தலைதான் வேண்டும். கோர்க்கும்போது றப்பர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகராது, தூண்டிலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் வழுக்கிக்கொண்டு போகும். புல் சிக்காமல் தூண்டில் முனையை உடம்புக்குள் மறைத்துக் கோர்க்கிற முறையிலும் சுருள் கம்பிப் பிடிதான் எனக்கு ஒத்துவந்தது.

இனி வைக்கிற முறை. இதில் கவனம் இல்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியும் பயன் இல்லை. எலாஸ்டெக்கையும் பிவிசியையும் ஒரே தட்டில் தொட்டுக்கொண்டிருக்க விடக்கூடாது. இரண்டும் ஒன்றையொன்று கரைக்கும். என் மச்சானின் பெட்டியில் இரண்டு வகையும் ஒரு மாதம் கிடந்து, திறந்தபோது நிறம் நிறமாக ஒரு பசை மட்டும் இருந்தது, பெட்டியின் அடியும் நெளிந்துவிட்டது. பிவிசியிலிருந்து கசியும் எண்ணெய் சில கடினப் பிளாஸ்டிக் பெட்டிகளையே இளக்கிவிடும். பொலிப்ரொப்பிலீன் பெட்டி தாங்கும். பெட்டியே வேண்டாம் என்றால் லூர் வந்த பக்கற்றிலேயே வையுங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன். பிவிசியிலும் கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்து வைத்தால் சாயம் ஏறும், அது மீனுக்குப் பிரச்சினை இல்லை.

மோட்டார்சைக்கிள் இருக்கைப் பெட்டிக்குள் விட்டுவிட்டு மத்தியானம் வெயிலில் நிறுத்தாதீர்கள். வளைந்துபோன பிவிசி வாலைச் சுடுதண்ணீரில் சில விநாடி பிடித்து, நேராக்கி, குளிர்ந்த நீரில் போட்டால் பழைய வடிவுக்கு வரும். கிழிந்த மூக்கை லைற்றர் சூட்டில் ஒட்டலாம். பிவிசி எரிந்து வருகிற புகை நல்லதல்ல, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

வால் போன லூரை எறிந்துவிடாதீர்கள். எலாஸ்டெக்கின் மிஞ்சிய முன்பாதியைச் சின்னத் தலையில் கோர்த்து அடியில் தத்தவிட்டால் கலவாய்க் குட்டிகள் எடுக்கும். அதற்கும் உதவாததை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கடலில் விட்டால் பிவிசியும் உக்காது, எலாஸ்டெக்கும் உக்காது.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தெளிந்த தண்ணீருக்கு வெள்ளையும் இறால் நிறமும், கலங்கல் என்றால் கடும் நிறம். மிச்சமெல்லாம் ஆளைப் பிடிக்கிற நிறங்கள்.

விலைதான் கடைசித் தடை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்ட பிறகு ஒரு பக்கற் எலாஸ்டெக் வாங்குவது யோசித்துச் செய்யும் காரியமாகிவிட்டது. நகரத்துக் கடைகளில் வலையும் தங்கூசியும் தாராளமாகக் கிடைக்கும், இந்த லூர்கள் கிடைப்பது நிச்சயமில்லை. கொழும்பிலிருந்து எடுப்பிக்கலாம். கனடாவிலிருந்தோ அவுஸ்திரேலியாவிலிருந்தோ வருகிற சொந்தக்காரரிடம் சொல்லிவிடுவதானால் பெயரை மட்டும் சொல்லாதீர்கள், பக்கற்றின் படத்தை அனுப்புங்கள். அங்கே ஏரி மீனுக்கான மெல்லிய புழு வகைதான் கடையில் முன்னால் தொங்கும், அதை வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். பாரம் குறைக்கிறோம் என்று பக்கற்றுகளைப் பிரித்து எல்லாவற்றையும் ஒரே பைக்குள் கொட்டிக்கொண்டு வரவேண்டாம் என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.