பருவமா, சக்கரமா, கட்டமைப்பா: மலையகத்து வேலையின்மையின் மூன்று முகங்கள்

கொழும்பில் கட்டட வேலை நின்று தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு (வரிசை வீட்டுக்கு) திரும்பியவர், தை மாசியில் அரைப் பேரோடு (அரை நாள் சம்பளத்தோடு) மலையிறங்கும் கொழுந்துக்காரி, உயர்தரம் முடித்து வீட்டிலிருக்கும் பிள்ளை. மூன்று பேரும் 'வேலை இல்லை' என்றுதான் சொல்வார்கள். காரணம் மட்டும் ஒன்றல்ல.

பருவகால வேலையின்மையைக் கண்டுபிடிப்பது சுலபம். ஹட்டன், தலவாக்கலை பக்கம் தை முதல் பங்குனி வரை வரட்சி. கொழுந்து குறையும், ஒரே செடிக்குத் திரும்பி வரும் ஏழு நாள் சுற்று பத்து நாளைத் தாண்டும், முழுப் பேருக்கான கிலோ சேராது. ஊவாவில் இதே நிலை ஆடி ஆவணியில். ஏலத்தில் நல்ல விலை போவதும் இந்த மாதங்களில்தான் என்பது வேறு கதை. அந்த விலை கூடைக்குள் வந்து சேர்வதில்லை. தோட்டத்தின் வேலைநாள் பதிவான செக்ரோலைப் போன மாதத்தோடு ஒப்பிட்டால் ஏமாறுவோம். போன வருடத்து இதே மாதத்தோடு ஒப்பிட வேண்டும்.

பொருளாதாரம் மந்தமாகும்போது வரும் சக்கர வேலையின்மைதான் ஒளிந்துகொள்வது. 2022இல் நாட்டின் பொருளாதாரம் 7 வீதத்துக்கும் மேல் சுருங்கியது. வேலையின்மை வீதமோ 2021இல் இருந்த 5.1இலிருந்து 4.7க்கு இறங்கியது! கணக்கெடுப்பு வாரத்தில் ஒரு மணித்தியாலம் வேலை செய்தாலே தொழில் உள்ளவர். தேடுவதைக் கைவிட்டவர் தொழிற்படையிலேயே இல்லை. ஊர் திரும்பி மரக்கறித் தோட்டத்தில் கைகொடுத்தவர் 'தொழில் உள்ளவர்' கணக்குக்குள் போய்விட்டார். ஆகவே மந்தகாலத்தில் வீதத்தை மட்டும் நம்பாமல், வாரத்தில் எத்தனை நாள் வேலை, கொழும்பிலிருந்து வீட்டுக்கு வரும் பணம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கடை, ஹோட்டல், கட்டடம் எல்லாம் ஒரே நேரத்தில் ஆள் குறைத்தால் அது சக்கரம்.

அதே வருடம் தேயிலை உற்பத்தி சுமார் 30 கோடி கிலோவிலிருந்து 25 கோடிக்கு விழுந்ததையும் சக்கரத்தின் தலையில் கட்டக்கூடாது. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. செடிக்குப் போட உரமில்லை. அது கேள்வி (வாங்குவோரின் தேவை) குறைந்ததால் வந்த வீழ்ச்சி அல்ல, நிரம்பலில் (உற்பத்தியில்) விழுந்த அடி.

இருக்கும் வேலையும் ஆட்களின் திறமையும் விருப்பமும் பொருந்தாததால் வரும் கட்டமைப்பு வேலையின்மைக்கு அடையாளம் வேறு: தோட்டத்தில் ஆள் பற்றாக்குறை, அதே லயத்தில் வேலையில்லாத பிள்ளைகள். பொருளாதாரம் நிமிர்ந்தாலும் இது தானாகக் கரையாது. வட்டியைக் குறைப்பதும் வீதி வேலை கொடுப்பதும் சக்கரத்துக்கு உதவும். இங்கே தேவை தொழிற்பயிற்சியும், ஹட்டனிலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில் வேறு தொழில்களும். ஒரு வேலை விட்டு இன்னொன்று தேடும் இடைவெளியான உராய்வு வேலையின்மை நல்ல காலத்திலும் இருக்கும். அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

சிக்கல், ஒன்று மற்றொன்றாக மாறுவதில்தான். மந்தம் நீண்டால், திரும்பி வந்த மேசனுக்குக் கைப்பழக்கம் போகும், கொந்தராத்துக்காரரோடு தொடர்பு அறும். சக்கரத்தில் விழுந்தவர் கட்டமைப்பில் மாட்டிக்கொள்வார். வேலை வராத அந்த மாதங்களிலேயே, முன் அனுபவத்தை மதிப்பிட்டுத் தரும் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழுக்கு விண்ணப்பித்து வைப்பது நல்லது. அதற்கு முழுப் பயிற்சியையும் மறுபடி படிக்க வேண்டியதில்லை.